நீராடும் அறைக்கு நிலை நாட்டுதல்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவோர் இரண்டு காரியங்களுக்குத் தவறாது நாட் பார்ப்பர். ஒன்று அத்திவாரக் கல் வைத்தல். மற்றையது வாயில் நிலை வைத்தல். கதவு எப்போது வந்து சேர்ந்தாலும் குறையில்லை. அதனைத் தாங்கும் மரச்சட்டமாகிய நிலை, குறித்த நாளில், குறித்த முகூர்த்தத்தில், மஞ்சளும் குங்குமமும் அணிந்து நிமிர்ந்து நிற்றல் வேண்டும். நிற்றல் என்னும் வினையடியாகப் பிறந்த அப்பெயர் வெறும் மரத்தை மாத்திரம் குறிப்பதன்று. உறுதி, ஒழுங்கு, நெடுங்காலம் இருத்தல் ஆகிய பொருள்களெல்லாம் அச்சொல்லின்கண் அடங்கியுள்ளன. தச்சன் வைத்த நிலை ஒரு விரற்கடை கோணினால், அதன்மேல் எத்துணை அழகிய முதிரைக் கதவைப் பொருத்தினும், அது மாரியில் இறுகும், கோடையில் இளகும், என்றும் ஒழுங்காய் மூடாது.

இத்துணைச் சிறப்பும் தலைவாயிலுக்கே உரியது. நீராடும் அறைக்கு நாளும் இல்லை, நிலையும் இல்லை. எஞ்சிய மூலை, எஞ்சிய கல், எஞ்சிய பணம் ஆகிய மூன்றுங் கூடிய இடத்தில் அவ்வறை எழும்புகின்றது. பின்னர் அதன் குறைகளையெல்லாம் விலையுயர்ந்த ஓடுகளால் மூடிவிடுகின்றோம். ஆனால் வீட்டிலுள்ள அறைகளுள் நாள்தோறும் நீரோடு போராடுவது அவ்வறையே. முதியோர் காலெடுத்து வைக்க அஞ்சும் இடமும் அதுவே. ஆதலின், வேறெந்த அறைக்கும் முன்னே நிலை வேண்டுவது நீராடும் அறைக்கே என்பதையும், அந்நிலை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

கிணற்றடியிலிருந்து அறைக்குள்

குளித்தல் என்னுஞ் சொல்லுக்கு மூழ்குதல் என்பதே பழம் பொருள். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தல் என்னும் வழக்கில் அப்பொருள் இன்றுங் கெடாதிருக்கின்றது. ஆறும் குளமும் உடைய நாட்டார்க்கு மூழ்கிக் குளித்தல் எளிது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கோ கிணறே ஆறு. கீரிமலைக் கேணியில் மூழ்குவது ஆடியமாவாசை போன்ற நாள்களுக்கு. அன்றாட நீராடல் கிணற்றடியிலேதான். அதனாலே நம் பேச்சு வழக்கிற் சொற்கள் நுட்பமாகப் பிரிந்தன. தலை நனைய நீர் வார்த்தால் அது தோய்தல், அல்லது முழுகுதல். தலை நனையாவிடில் மேல் கழுவுதல். பருவமெய்திய பெண்ணுக்குத் தண்ணீர் வார்த்தலும், மணநாளில் பால் அறுகு வைத்துத் தோய வார்த்தலும் சடங்குகள். நீரை மேலிருந்து சொரிவித்தல் நமக்குப் புதிதன்று. முன்னர்ச் சொரிந்தது கை. இப்போது சொரிவது குழாய்.

அக்குழாயை ஊரார் ஷவர் என்கின்றனர். தூவற்குழாய் என்று பண்டிதர் பெயரிடலாம். கடையிற் சென்று கேட்டால் எடுத்துத் தருவது ஷவரையே. ஆதலின் இங்கும் அப்பெயரே வழங்குக.

பழைய கிணற்றடியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். துலாவும் ஆடுகாலும், பட்டையும் கொடியும், ஒருபுறம் தொட்டியும் இருக்கும். பெண்கள் தோய்வதற்கு மறைப்பாகக் கிடுகு வேலி நிற்கும். அதுவும் ஒரு சட்டகமே. நிற்பன கதியால்கள், குறுக்கே கிடப்பன வரிச்சுத் தடிகள், மூடுவது கிடுகு. ஆனால் அச்சட்டகம் நம் பிழைகளைப் பொறுத்துக்கொண்டது. கிடுகு உக்கினால் அடுத்த ஆண்டு புதுக்கிடுகு கட்டினோம். ஈரத்தை வெயில் உறிஞ்சியது, காற்று உலர்த்தியது. வழிந்த நீர் வாய்க்காலாற் சென்று வாழையையும் கமுகையும் வளர்த்தது. எங்கும் எதுவும் மறைந்திருக்கவில்லை. பழுது நேர்ந்தால் அன்றே கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று நிலைமை வேறு. துலாக்கள் பெரும்பாலும் மறைந்து, மின்பம்பியும் மேற்றொட்டியும் வந்துவிட்டன. 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்விலும் நெடிய போரிலும் சிதைந்த வீடுகள் பல 2009 ஆம் ஆண்டுக்குப் பின் புதிதாய் எழுந்தபோது, நீராடும் இடமும் வளவிலிருந்து வீட்டினுட் புகுந்தது. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முதிய தாய் தந்தையர் மாத்திரம் தங்கியிருக்கும் வீடுகள் நம் ஊர்களிற் பல. அவர்களின் வசதிக்கென்றே படுக்கையறையை ஒட்டி ஒரு ஷவர் அறை கட்டப்படுகின்றது. பணம் அனுப்புவார் ஒருவர், கட்டுவார் ஒருவர், அதனுள் நாள்தோறும் நிற்பவர் வேறொருவர். நிற்பவரைக் கேளாது கட்டத் தொடங்குதலே முதற் குறை. ஏனைய குறைகள் யாவும் அதன் வழியாகவே வருகின்றன.

ஆளுக்கேற்ற அளவு

ஷவர் நிற்கும் இடத்தின் உள்ளளவு முப்பது அங்குலச் சதுரத்திற் குறையலாகாது என்பது அமெரிக்கக் கட்டட விதிகளிற் காணப்படும் எல்லை. அது நின்று நனைந்து வெளியேறுவதற்கே போதும். குனிந்து கால் தேய்க்க வேண்டுமாயின் மூன்றடிச் சதுரமாவது வேண்டும். இருந்து குளிக்க வேண்டிய ஒருவர்க்கோ, பக்கத்தில் இன்னொருவர் நின்று முதுகு தேய்த்துவிட வேண்டிய ஒருவர்க்கோ, மூன்றடி அகலமும் ஐந்தடி நீளமும் இருத்தல் நன்று.

இருக்கையின் உயரமும் எண்ணிப் பார்க்கத் தக்கது. மிகத் தாழ்ந்தால் எழ முடியாது. மிக உயர்ந்தால் கால் நிலத்திற் பதியாது. பதினேழு முதற் பத்தொன்பது அங்குலம் வரை பொதுவாகப் பொருந்தும் அளவு. கைபிடி முப்பத்து மூன்று முதல் முப்பத்தாறு அங்குல உயரத்தில் அமைவது வழக்கம். இவை மாற்று வலுவுடையோர்க்கென அமெரிக்க நாட்டில் வகுக்கப்பட்ட அளவுகள். நம் ஆச்சியின் தோளும் முழங்காலும் அவ்வளவுக்கு ஒத்து வருமோ என்பதை ஆச்சியை நிறுத்தித்தான் அறிதல் வேண்டும். நூலளவு தொடக்கத்துக்கு உதவும். முடிவு செய்வது ஆளளவே.

நீர் திறக்கும் திருகை ஷவருக்கு நேர் கீழே வைத்தல் பெருவழக்கு. அவ்வாறாயின், திறப்பவர் தலையிலே முதலிற் குளிர்ந்த நீரோ கொதித்த நீரோ விழும். வாயிலோரத்தில் நின்றே எட்டித் திறக்கும்படி அதனை அமைத்தல் வேண்டும். கதவும் வெளிப்புறமாகவே திறத்தல் வேண்டும். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால் அவருடலே உட்கதவை அடைத்துக்கொள்ளும். உதவிக்கு ஓடி வந்தவர் வெளியே நின்று கூப்பிடுவதன்றி வேறொன்றுஞ் செய்ய இயலாது. கீல் எந்தப் பக்கம் என்பது காசுச் செலவில்லாத முடிவு. ஆனால் நிலை நாட்டுமுன் எடுக்க வேண்டிய முடிவு.

தூக்கும் மட்டமும்

நம் நாட்டில் அறைச் சுவர் பெரும்பாலும் சீமெந்துக் கல்லாலானது. அங்கே சுவரே நிலையாகும். ஆனால் முன்பே கட்டிய வீட்டில், படுக்கையறையின் ஒரு மூலையைத் தடுத்து ஷவர் அமைக்க முனையும்போதும், மேல்மாடியிற் பாரமான சுவர் எழுப்பலாகாது என்னும்போதும் சட்டகம் இன்றியமையாதது. கனடா போன்ற குளிர்நாடுகளில் வீட்டுச் சுவர்களே பெரும்பாலும் மரச்சட்டகத்தாலானவை. அங்குக் குடியேறிய நம்மவர் பலர் அத்தொழில்முறையை நன்கறிவர். அம்முறையின் சுருக்கம் வருமாறு.

நிலத்திற் கிடக்குஞ் சட்டம் ஒன்று. மேலே கிடக்குஞ் சட்டம் ஒன்று. இரண்டுக்குமிடையே நிமிர்ந்து நிற்குஞ் சட்டங்கள் பல. நிற்பவற்றின் நடுவுக்கும் நடுவுக்கும் இடைவெளி பதினாறு அங்குலம். ஏன் பதினாறு? மேலே அறையும் சீமெந்துப் பலகை நாலடி அகலம். நாலடி நாற்பத்தெட்டு அங்குலம்; அதனை மூன்றாற் பிரிக்கப் பதினாறு. ஆகவே பலகையின் இரு விளிம்புகளும் தவறாது ஒரு சட்டத்தின் நடுவில் வந்து படியும். கணக்குப் பிழைத்தால் விளிம்பு வெறுவெளியில் நிற்கும். வெறுவெளியில் நின்ற விளிம்பு அசையும். அசைந்த இடத்தில் ஓட்டின் பொருத்து வெடிக்கும். வெடித்த இடத்தில் நீர் நுழையும்.

சட்டங்கள் நிமிர்ந்து நிற்கின்றனவோ என்பதைத் தூக்குக்குண்டு சொல்லும். கிடப்பவை சமமாகக் கிடக்கின்றனவோ என்பதை நீர்மட்டம் சொல்லும். மூலை நேராயிருக்கின்றதோ என்பதற்கு ஒரு நூலே போதும். மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடியும் மறுபக்கம் நாலடியும் அளந்து குறியிட்டால், குறிகளுக்கிடையே ஐந்தடி இருத்தல் வேண்டும். கூடினால் மூலை விரிந்தது; குறைந்தால் மூலை ஒடுங்கியது. அடியும் தூக்கும் செய்யுளுறுப்புகளாகத் தொல்காப்பியத்திற் படித்த மாணவர், அச்சொற்கள் மேசன் கையிலும் தச்சன் கையிலும் உயிரோடிருப்பதை ஒருநாள் வேலைத்தளத்திற் சென்று காணுதல் நன்று.

எம்மரத்தாற் செய்வது என்பது அடுத்த வினா. நன்கு உலர்ந்த மரமே வேண்டும். பச்சை மரம் உலருந்தோறும் முறுகி ஓடுகளைப் பெயர்க்கும். நம் மண்ணிலே கறையானும் உண்டு. ஈரமரம் அதற்கு விருந்து. ஆதலின் மருந்தூட்டிய மரத்தையோ, நாகப் பூச்சுப் பூசிய இரும்புச் சட்டத்தையோ கொள்வது நலம். எதுவாயினும் நிலத்தோடு படியவிடாது, முதலில் ஒரு சிறு சீமெந்துக் கட்டு எழுப்பி அதன்மேலே நிறுத்துதல் வேண்டும். ஆணிகளும் கறள் ஏறாதனவாய் இருத்தல் வேண்டும். கடற்காற்று வீசும் ஊரில் இது மிகையான எச்சரிக்கையன்று.

சட்டகத்தில் இன்னொன்று மறவாது செய்யத்தக்கது. கைபிடி வரும் இடத்திலும், மடக்கும் இருக்கை வரும் இடத்திலும், நிற்குஞ் சட்டங்களுக்கிடையே தடித்த குறுக்குக்கட்டைகளைப் பொருத்திவிடுதல் வேண்டும். வழுக்கியவர் கைபிடியைப் பற்றும்போது மெல்லப் பற்றுவதில்லை; உடற்பாரம் முழுவதையும் ஒரே கணத்தில் அதன்மீது இடுவர். மேற்கூறிய அமெரிக்க விதி, கைபிடி இருநூற்றைம்பது இறாத்தல், அதாவது ஏறத்தாழ நூற்றுப் பதின்மூன்று கிலோப் பாரத்தைத் தாங்க வேண்டும் என்கின்றது. வெறும் பலகையில் முடுக்கிய ஆணி அதனைத் தாங்காது. பிடித்தவரையும் இழுத்துக்கொண்டே வரும். இன்று கைபிடி வேண்டாதவர் வீட்டிலும் அக்கட்டை இருக்கட்டும். முதுமை எல்லா வீட்டுக்கும் வரும் விருந்தாளி. அதற்கு முன்கூட்டியே ஓரிடம் ஒதுக்கி வைப்பதில் நட்டமில்லை.

வாட்டம்

நீர் வடிவதற்கென நிலத்துக்குக் கொடுக்கும் சரிவை வாட்டம் என்கின்றோம். முகத்துக்கு வாட்டம் ஆகாது. நிலத்துக்கு வாட்டம் இன்றியமையாதது. ஓரடி நீளத்துக்குக் கால் அங்குலம் சரிதல் வேண்டும் என்பது தொழிலாளர் பல நாடுகளிலும் கைக்கொள்ளும் அளவு. நீர்வாய் மூன்றடி தூரத்தில் இருப்பின் முக்கால் அங்குலச் சரிவு. இதிற் குறைந்தால் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும்; மிகுந்தால் கால் சறுக்கும். நாற்புறத்திலிருந்தும் நீர்வாயை நோக்கியே வாட்டம் ஓடுதல் வேண்டும். ஒரு மூலை தப்பினால் அம்மூலையே வழுக்குநிலமாகும்.

வாட்டம் மேலோட்டுக்கு மாத்திரம் போதும் என்று எண்ணுதல் பெரும்பிழை. இப்பிழை தோன்றுவதற்குக் காரணம் ஓட்டைப் பற்றிய தவறான நம்பிக்கை. ஓடு நீரை விடாது, உண்மை. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்குமிடையே உள்ள பொருத்து நீரை உறிஞ்சும். அடியிலுள்ள சாந்தும் உறிஞ்சும். நாள்தோறும் சிறிது சிறிதாக இறங்கிய நீர் ஓட்டின் அடியிலே தேங்கும். ஆதலின் அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படையே முதலில் வாட்டத்தோடு அமைதல் வேண்டும். அதாவது, முதலிற் சாந்தினாற் சரிவு, அதன்மேல் நீர்த்தடுப்பு, அதன்மேல் ஓடு. சமதளத்தில் நீர்த்தடுப்புப் பூசி, அதன்மேற் சாந்திட்டு வாட்டம் அமைத்தால், அடியில் இறங்கிய நீர் போக வழியின்றி ஒரு மறைகுளமாய்க் கிடக்கும். மேலே துடைத்துத் துடைத்துப் பார்த்தும் நாற்றம் போகவில்லை என்று வருந்தும் வீடுகளில் அக்குளமே பெரும்பாலும் காரணம்.

நீர் வெளியே பரவாது தடுக்க வாயிலில் ஒரு வரம்பு இடுவர். வயலுக்கு வரம்பு எப்படியோ அப்படியே இது. இரண்டு அங்குலமேனும் உயர்ந்திருத்தல் வழக்கம். ஆனால் காலைத் தூக்கி வைக்க இயலாதவர்க்கு அவ்விரண்டு அங்குலமே மலை. அவருக்கென அமைப்பதாயின், வரம்பை நீக்கி, ஷவர் நிலத்தையே அறை நிலத்திலுந் தாழ்த்தி அமைத்தல் வேண்டும். அப்போது நீர்த்தடுப்பு அறை முழுவதுக்கும் பரவுதல் வேண்டும். இதுவும் அத்திவாரக் காலத்திலேயே எண்ண வேண்டியது.

மறைந்திருக்கும் தோல்

உடலுக்குத் தோல் எப்படியோ, ஷவர் அறைக்கு நீர்த்தடுப்பு அப்படி. வேறுபாடு ஒன்றே: இத்தோல் வெளியே தெரிவதில்லை. நிலத்திலும் சுவரின் அடியிலும் ஒரே தொடர்ச்சியாக அது படிதல் வேண்டும். நிலமும் சுவரும் சந்திக்கும் மூலையே எப்போதும் முதலில் வெடிக்கும் இடம். அங்கே வலைத்துணி பதித்து இருமுறை பூசுதல் வேண்டும். நீர் நேரே விழும் சுவரில் ஆறடி உயரம் வரையிலும் பூச்சு ஏறினால் நன்று. பூசிய பின்னர்த் தாழ்ந்த இடத்தில் ஓர் ஆணியும் அடித்தலாகாது. குடத்தில் ஓட்டை சிறிதாயினும் நீர் முழுவதும் போகுமன்றோ?

இவ்வறிவு இன்று நேற்று வந்ததன்று. இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலுள்ள மொகஞ்சதாரோவிலே, ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட பெருங் குளிப்பிடம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 12 மீற்றர், அகலம் சுமார் 7 மீற்றர், ஆழம் 2.4 மீற்றர். செங்கற்களை நெருக்கமாக அடுக்கி, சுண்ணச் சத்துடைய சாந்தினால் இணைத்து, அவற்றின் பின்னே நிலக்கீற் படை ஒன்றும் இட்டிருந்தனர். அந்நகரின் வீடுகள் பலவற்றிலும் குளிக்கும் மேடைகள் இருந்தன. அவை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து, வீதி வடிகாலோடு இணைந்திருந்தன. நிலக்கீலைப் பூசியவன் அது ஒருவர் கண்ணிலும் படாது என்பதை அறிந்தே பூசினான். படாத இடத்தைச் செம்மையாய்ச் செய்தமையால், அவன் வேலை நம் கண்ணிற் படுமளவுக்கு நிலைத்தது.

வேலைத்தளத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. "ஓடு பதிச்சால் எல்லாம் மறைஞ்சு போகும், வாத்தியார், யோசியாதேங்கோ" என்பர். மறையும் என்பதே யோசிப்பதற்குரிய காரணம். வெளிப்பூச்சிலுள்ள பிழையை நாளை திருத்தலாம். உள்ளேயுள்ள பிழையைத் திருத்த ஓட்டையெல்லாம் உடைத்தல் வேண்டும். நல்ல மேசன்மார் இதனை நம்மிலும் நன்கறிவர். விரைவுபடுத்தும் வீட்டுக்காரரே அவர்களைப் பெரும்பாலும் கெடுப்பவர்.

சவர் வாராத ஷவர்

எழுத்தை மாற்றிச் சவர் என்று எழுதினால் நம் ஊரில் உவர்நீர் என்று பொருள்படும். இது வெறுஞ் சொல் விளையாட்டன்று. குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. மழையால் இறங்கிய நன்னீர், அப்பாறை வெடிப்புகளில், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. அளவு மிஞ்சி இறைத்து அவ்வோரடியைக் குறைத்தால், கீழிருந்து சவர் ஏறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் உடல் களைத்தபோது இறைப்பும் நின்றது. மின்பம்பிக்குக் களைப்பில்லை.

வழக்கமான ஷவர் ஒன்று நிமிடத்துக்கு ஒன்பது இலீற்றர் அளவில் நீர் சொரியும். பத்து நிமிடத்தில் தொண்ணூறு இலீற்றர். வாளியால் வார்ப்பவர்க்குப் பதினைந்து இலீற்றர் கொண்ட இரண்டு வாளி போதும். ஆகவே ஷவர் வைப்பவர் நீரைச் சிக்கனமாகச் சொரியும் தலையை வாங்குவதும், சவர்க்காரம் பூசும்போது திருகை மூடுவதும் ஊருக்குச் செய்யும் உபகாரமாகும். மேற்றொட்டி உயரம் குறைந்த வீட்டில் நீரின் வேகமும் குறையும். தொட்டி பத்து மீற்றர் உயர்ந்தால்தான் ஒரு வளியளவு அமுக்கம் கிடைக்கும். நம் வீடுகளில் மூன்று மீற்றரே பெரும்பாலும் உண்டு. ஆதலின் சிறுகுழாயை விடுத்து அகன்ற குழாயை இடுதல் நன்று. சுண்ணாம்பு நீராதலின் ஷவர்க் கண்கள் அடைபடும். வினாகிரியிலோ தேசிப்புளியிலோ சிறிது நேரம் ஊறவிட்டால் திறந்துகொள்ளும். அதற்காகவே கழற்றக்கூடிய தலையை வாங்குக.

நீர் வருவதிலும் போவதே முக்கியம். நீர்வாயின் கீழே வளைகழுத்துக் குழாய் இருந்தால், வளைவில் நிற்கும் நீர் தீநாற்றத்தையும் பூச்சிகளையும் தடுக்கும். குளித்த நீரை மலகூடக் குழியோடு சேர்க்காது வேறாகக் கொண்டு சென்று வாழைக்கோ கமுகுக்கோ பாய்ச்சலாம். எக்குழியாயினும் கிணற்றுக்கு இயன்ற மட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். தன் கிணற்றுக்கு மாத்திரமன்று, அயலார் கிணற்றுக்கும் என்க. வெடிப்புள்ள சுண்ணாம்புப் பாறை மணலைப்போல நீரை வடித்துத் தூய்மையாக்குவதில்லை. கொடுத்ததை அப்படியே கொண்டு செல்லும். வேலி மண்ணுக்கு மேலேதான். மண்ணுக்குக் கீழே எல்லார்க்கும் ஒரே நீர்.

மூடுமுன்

ஓடு பதிக்குமுன் மூன்று சோதனைகள் செய்தல் வேண்டும். முதலாவது, சுவரினுட் செல்லும் குழாய்களை நீரால் நிறைத்து, அழுத்தங் கொடுத்து, பொருத்துகள் கசிகின்றனவோ என்று பார்த்தல். நீர் சுடவைக்கும் மின்கருவி வைப்பதாயின், நிலத்தொடுப்பும், கசியும் மின்னைக் கண்டு தானே நிறுத்தும் ஆளியும் உளவோ என்பதைத் தகுதிபெற்ற மின்னியலாளர் பார்த்தல் வேண்டும். நனைந்த உடல் மின்னுக்கு எளிய வழியாதலின், இதில் இரக்கமில்லை.

இரண்டாவது, நீர்த்தடுப்பு உலர்ந்தபின் நீர்வாயை அடைத்து, வரம்பளவுக்கு நீர் நிறைத்து, நீர்மட்டத்தைச் சுவரிற் குறியிட்டு, இருபத்து நான்கு மணிநேரம் விட்டுவைத்தல். மறுநாள் நீர் குறிக்குக் கீழே இறங்கியிருந்தாலும், பக்கத்துச் சுவரில் ஈரம் தோன்றினாலும், எங்கோ குறை உண்டு. ஒருநாட் பொறுமைக்கு அஞ்சி இதனைக் கைவிடுவோர் பலர். அவர் மிச்சம் பிடிப்பது ஒரு நாளை. இழப்பது ஓர் அறையை.

மூன்றாவது சோதனைக்கு வேண்டுவது ஒரு சுண்ணக்கட்டியே. அவ்வறையை யார் பயன்படுத்தப் போகின்றாரோ அவரை, நிலை மாத்திரம் நிற்கும் அவ்வெற்றிடத்துக்குக் கைபிடித்து அழைத்து வருக. ஒரு கதிரையை இட்டு இருக்கச் செய்க, எழச் செய்க. எழும்போது அவர் கை தானாக எங்கே செல்கின்றது என்று பார்த்து, அவ்விடத்திற் குறியிடுக. கைபிடி அங்கேதான் வருதல் வேண்டும். கை நீட்டி எட்டும் இடத்தில் திருகு; தோளுக்குச் சற்று மேலே ஷவர்; முழங்கால் மடங்கும் உயரத்தில் இருக்கை. பிள்ளை வெளிநாட்டிலிருப்பின், அக்குறிகளைப் படமெடுத்து அனுப்புக. கடையிற் கண்ட ஓட்டின் நிறத்தைப் பற்றி ஒரு மணிநேரம் பேசும் குடும்பம், இக்குறிகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாற் போதும்.

தலைவாயில் நிலைக்கு நாட் பார்ப்பது, அதன் வழியே வருவோர் நலமாய் வருதல் வேண்டும் என்னும் எண்ணத்தால். நீராடும் அறையிற் புகுந்தோர் நலமாய் வெளியே வருதலும் அதனிற் குறைந்த மங்கலமன்று. ஆச்சியின் கை தொட்ட இடத்திற் குறியிட்டு, அக்குறியிற் கட்டை பொருத்தும் நாளையும் ஒரு நல்ல நாளாகக் கொள்க.